உத்தரவும் உரிமையும்

அரசாங்க முத்திரையிட்ட தபால் ஒன்று வீட்டுக்கு வந்தால் நம்மில் பெரும்பாலோர் செய்வது என்ன? பிரித்துப் படிக்கிறோம், பாதி விளங்குகிறது, பாதி விளங்குவதில்லை. பிறகு அதனை மடித்துச் சுவாமி படத்தின் பின்னாலோ, பத்திரப் பெட்டியின் அடியிலோ செருகிவிட்டு, தறிக்கோ வயலுக்கோ போய்விடுகிறோம். ஆறு மாதம் கழித்து அதிகாரி நேரில் வந்து நிற்கும்போதுதான் அந்தத் தாள் நினைவுக்கு வருகிறது. அப்போது வழக்கறிஞரிடம் ஓடினால், அவர் தாளிலுள்ள தேதியைப் பார்த்துவிட்டு, “கெடு கடந்துவிட்டதே!” என்கிறார்.

நிலத்தை இழந்தவர்களிலும், உரிமத்தை இழந்தவர்களிலும், சங்கப் பொறுப்பை இழந்தவர்களிலும், நியாயம் தம் பக்கம் இருந்தும் கெடுவைத் தவறவிட்டதனால் தோற்றவர்கள் பலர். ஆதலின், தொழிலையும் நிலத்தையும் ஒழுங்கு செய்யும் அதிகாரம் அரசாங்கத்துக்கு எங்கிருந்து வருகிறது, அதற்கு எல்லை யாது, உத்தரவு ஒன்று நம் கைக்கு வந்தால் நாம் செய்ய வேண்டுவது என்ன என்பவற்றை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். இதற்கு உதாரணம் தேடித் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை, நெய்வேலியே போதும்.

நெய்வேலி காட்டும் காட்சி

1930-களில் ஜம்புலிங்க முதலியார் அவர்களின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது என்பது நம் பகுதியில் சிறுவரும் அறிந்த செய்தி. அந்தப் பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுப்பதற்காக 1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி அரசாங்கக் கம்பெனி ஒன்று பதிவு செய்யப்பெற்றது. 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரி வெளிப்பட்டது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. 2016 முதல் அந்நிறுவனம் என்.எல்.சி. இந்தியா என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

கரிப் படிவத்தின் கீழே மிகுந்த அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. அதனை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். மேலேயுள்ள மண்ணை அகற்றினால்தான் கரியைக் காண முடியும். ஆகவே இத்தொழிலுக்கு நிலமும் வேண்டும், நீரும் வேண்டும். இவ்விரண்டும் விவசாயிக்கும் வேண்டியவை. ஒரே நிலத்தின் மேற்புறத்தில் நெல்லும் மணிலாவும் முந்திரியும் விளைகின்றன. அடியில் நாட்டுக்கு ஒளி தரும் கரி கிடக்கிறது. இவற்றுள் எதற்கு எவ்வளவு இடம், யாருக்கு எவ்வளவு ஈடு என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? தீர்மானிப்பவர் எந்த முறையில் தீர்மானிக்க வேண்டும்? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கூறும் சட்டப் பிரிவுக்கே நிர்வாகச் சட்டம் என்று பெயர்.

திருட்டு, கொலை முதலியவற்றுக்குத் தண்டனை கூறுவது குற்றவியல் சட்டம். பாகப்பிரிவினை, கடன் முதலியவற்றைத் தீர்ப்பது உரிமையியல் சட்டம். அதிகாரிகள் தங்கள் அதிகாரத்தை எவ்வாறு செலுத்த வேண்டும் என்று அவர்களுக்கே வரம்பு கட்டுவது நிர்வாகச் சட்டம். இதில் பெரும்பகுதி ஒரே புத்தகத்தில் அச்சிட்டுக் கிடைப்பதன்று. அரசியலமைப்பிலும், பல சட்டங்களிலும், நீதிமன்றத் தீர்ப்புக்களிலும் பரவிக் கிடக்கிறது.

அதிகாரத்தின் ஊற்று

எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையை நமது அரசியலமைப்பின் 19-வது விதி பிரஜைகளுக்கு அளித்திருக்கிறது. அதே விதியின் மற்றொரு பகுதி, பொதுமக்கள் நலனை முன்னிட்டு அந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகளைச் சட்டத்தின் மூலம் விதிக்கலாம் என்றும் கூறுகிறது. “நியாயமான”, “சட்டத்தின் மூலம்” என்னும் இரண்டு சொற்றொடர்களையும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். சட்டத்தின் ஆதாரம் இல்லாத கட்டுப்பாடு செல்லாது. ஆதாரம் இருந்தும் நியாயமற்றதாயின் அதுவும் செல்லாது.

சட்டத்தைச் சட்டமன்றம் இயற்றுகிறது. அதன் கீழ் அரசாங்கம் விதிகளை வகுக்கிறது. விதிகளின் கீழ் அறிவிக்கைகள் வெளியாகின்றன. அவற்றின் கீழ் அதிகாரி உத்தரவிடுகிறார். நெசவாளருக்கு இதனை விளக்குவது எளிது. சட்டமே பாவு, விதியும் உத்தரவும் ஊடை. பாவின் அகலத்துக்கு மேல் ஊடை ஓட முடியாது. தாய்ச் சட்டம் கொடாத அதிகாரத்தை விதி கொடுக்க முடியாது. விதி கொடாததை அதிகாரி எடுத்துக்கொள்ள முடியாது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி மறுப்பது என்று நாம் பழமொழி கூறுவதுண்டு. சாமி கொடாத வரத்தைப் பூசாரியே கொடுப்பதும், சாமி இடாத சாபத்தைப் பூசாரியே இடுவதும் அதே போன்ற தவறுதான். நீதிமன்றம் முதலில் ஆராய்வது இதையே.

கட்டுப்பாடு என்றாலே கெடுதல் என்று எண்ணிவிடலாகாது. நம்மைப் போன்ற எளியோரைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட கட்டுப்பாடுகளும் உண்டு. இரண்டை மட்டும் இங்கே கூறுவோம்.

ஒன்று, விளைபொருள் விற்பனைக்கூடம். 1933-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் வாணிபப் பயிர்ச் சந்தைகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அறிவிக்கப்பட்ட பகுதியில் குறிப்பிட்ட விளைபொருளை வாங்கி விற்கும் வியாபாரி உரிமம் பெற வேண்டும். எடையும் தரகும் ஒழுங்குக்கு உட்பட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. இது தங்கள் தொழில் உரிமையைப் பறிக்கிறது என்று வியாபாரிகள் வழக்குத் தொடுத்தனர். உற்பத்தி செய்பவனும் வாங்குபவனும் சமநிலையில் நேருக்கு நேர் சந்திக்க வகை செய்யும் இச்சட்டம் நியாயமான கட்டுப்பாடே என்று அருணாசல நாடார் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. இன்று 1987-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் விருத்தாசலம் முதலிய இடங்களில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் இயங்குகின்றன. நமது மணிலா மூட்டை தராசில் ஏறும்போது, பின்னால் இத்தனை வருஷத்துச் சட்டமும் நிற்கிறது.

மற்றொன்று, கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். குறிப்பிட்ட சில ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்று 1985-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டம் செய்தது. முதலில் 22 ரகங்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. மீறுவோருக்குத் தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இதனை எதிர்த்து விசைத்தறிக்காரர்களும் ஆலைகளும் தொடுத்த வழக்கில், கோடிக்கணக்கானோரின் பிழைப்பைக் காக்கும் இச்சட்டம் செல்லும் என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தறியைச் சோதனையிட்டு வழக்குத் தொடுக்கும் அதிகாரி சட்டத்தின் வரம்பிற்குள்ளேயே நடக்க வேண்டும் என்ற விதியினின்று அவருக்கு விலக்கு இல்லை. நமக்கு நன்மை செய்யும் அதிகாரமும் வரம்புக்கு உட்பட்டதே என்பதை மறத்தலாகாது.

கேளாமல் தீர்ப்பதற்கில்லை

அதிகாரம் இருக்கிறது, நோக்கமும் நல்லது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு போதுமா? போதாது. எந்த மனிதனின் நிலமும் தொழிலும் பெயரும் பாதிக்கப்படுகின்றனவோ, அவன் சொல்வதைக் கேட்ட பிறகே தீர்மானிக்க வேண்டும். இதனை இயற்கை நீதி என்பர்.

சிலப்பதிகாரக் கதை நமக்குப் புதிதன்று. பாண்டியனுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இருந்தது. களவைத் தண்டிப்பது அவன் கடமையுங்கூட. அவன் செய்த தவறு என்ன? பொற்கொல்லன் ஒருவன் சொல்லைக் கேட்டான். கோவலன் சொல்லைக் கேட்கவில்லை. சிலம்பை உடைத்துப் பார்க்கும் காரியம் கோவலன் இறந்த பிறகே நடந்தது. விசாரணை முன்னும் தண்டனை பின்னும் நடக்க வேண்டியது, முறை மாறி நடந்தது. மதுரை எரிந்ததற்குக் காரணம் அதுவே.

இதே உண்மையை இங்கிலாந்தில் 1863-ஆம் ஆண்டு ஒரு சாதாரண வீட்டு வழக்கு உறுதி செய்தது. லண்டனில் கூப்பர் என்பவர் முன்னறிவிப்புக் கொடுக்காமல் வீடு கட்டலானார். அவ்வாறு கட்டிய வீட்டை இடிக்கலாம் என்று சட்டம் வெளிப்படையாகவே கூறியிருந்தது. வாண்ட்ஸ்வொர்த் ஸ்தல வாரியம் வீட்டை இடித்துவிட்டது. இடிப்பதற்கு முன் அவரைக் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும், சட்டத்தில் சொல் இல்லாவிடினும் நியாயமே அந்தச் சொல்லை நிரப்பும் என்று நீதிமன்றம் கருதி, கூப்பருக்கு ஈடு கிடைக்கச் செய்தது.

இயற்கை நீதியின் இரண்டாவது விதி, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருத்தல் கூடாது என்பது. 1969-ஆம் ஆண்டின் கிரைபக் வழக்கு இதற்குச் சிறந்த உதாரணம். ஜம்மு-காஷ்மீரத்தில் வன அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தவர் ஒருவர், தாமும் அதே பதவிக்குப் போட்டியிட்டவர். தம் பெயர் வந்தபோது எழுந்து போய்விட்டார். தம் போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார். அத்தேர்வை உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. நீதிமன்றங்களுக்கு மட்டுமன்று, வெறும் நிர்வாகக் காரியம் செய்பவர்களுக்கும் இயற்கை நீதி பொருந்தும் என்பதை அத்தீர்ப்பு நிலைநிறுத்தியது.

மூன்றாவதாக, உத்தரவில் காரணம் இருக்க வேண்டும். உத்தரவு பிறந்த நாளில் அதில் எழுதப்பட்ட காரணங்களைக் கொண்டே அது செல்லுமா செல்லாதா என்று ஆராயப்படும். வழக்கு வந்த பிறகு புதிய காரணங்களை ஒட்டுப்போட முடியாது என்று 1977-இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிற்று.

பெரிய நிறுவனமும் கேட்ட உரிமை

இந்த உரிமை எளியவனுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு நெய்வேலியே சாட்சி. நெய்வேலிச் சுரங்கத்துக்காக நிலம் எடுத்தவர் அரசாங்க அதிகாரி. ஈட்டுத்தொகை நிர்ணயித்தவரும் அவரே. தொகை போதாதென்று நில உரிமையாளர்கள் நீதிமன்றத்தை நாடினர். தொகையை உயர்த்தினால் பணம் கொடுக்க வேண்டியவர் யார்? நிலக்கரி நிறுவனம். ஆனால் வழக்கு நிலக்காரருக்கும் அரசாங்க அதிகாரிக்கும் இடையே நடந்தது. “பணம் கொடுப்பவர் நாங்கள், எங்களைக் கேளாமல் எவ்வாறு தொகையைத் தீர்மானிக்கலாம்?” என்பது நிறுவனத்தின் வாதத்தின் சாரம்.

நிலம் யாருடைய பயனுக்காக எடுக்கப்படுகிறதோ அவரும் அவ்வழக்கில் அக்கறையுள்ளவரே, அவரும் கேட்கப்பட உரியவரே என்று 1990-களின் நடுவில் உச்ச நீதிமன்றம் முடிவு கூறிற்று. நெய்வேலி நிறுவனத்துக்கும் நிலமெடுப்புத் தனித் தாசில்தாருக்கும் இடையே நடந்த அவ்வழக்கு இன்றும் நாடெங்கும் எடுத்துக் காட்டப்படுகிறது. பல கோடி முதலுள்ள அரசாங்கக் கம்பெனிக்கும், அரை ஏக்கர் புஞ்சைக்காரருக்கும் ஒரே உரிமைதான்: என்னைக் கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள் என்பது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது மற்றொன்றும் உண்டு. இப்போது ஈட்டு வழக்கில் எதிர்த் தரப்பில் நிறுவனத்தின் வழக்கறிஞரும் நிற்பார். ஆகவே நாமும் கிரயப் பத்திரம், விளைச்சல் கணக்கு, கிணறு மரங்களின் விவரம் ஆகியவற்றோடு தயாராகப் போக வேண்டும். வாய்ச்சொல் மட்டும் போதாது.

வளையமாதேவியில் நடந்தது

2023-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், இரண்டாவது சுரங்க விரிவுக்காகப் பரவனாற்றின் போக்கை மாற்றும் கால்வாய் வேலை சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நடந்தது. கதிர் பிடிக்கும் பருவத்தில் நின்ற நெற்பயிரின்மேல் மண்வெட்டும் இயந்திரங்கள் ஓடின. அந்தப் படங்களைக் கண்டு மனம் பதறாதவர் இல்லை.

சட்டம் இதில் இரண்டு பக்கமும் நின்றது. அந்நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்னரே கையகப்படுத்தப்பட்டவை என்பது நிறுவனத்தின் வாதம். ஒரு நிலம் முறைப்படி எடுக்கப்பட்டு ஈட்டுத் தீர்ப்பும் ஆகி அரசாங்கத்தின் வசம் போய்விட்டால், பிறகு அதில் நாம் உழுது விதைப்பதனால் பழைய உரிமை திரும்பி வந்துவிடாது. இது கசப்பான உண்மை. ஆயினும் அறிந்திருக்க வேண்டிய உண்மை. மற்றொரு பக்கத்தில், பல ஆண்டுகள் சும்மா விட்டிருந்த நிலத்தில் விளைந்து நிற்கும் பயிரை அறுவடைக்குச் சில வாரம் பொறுக்காமல் அழிப்பது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வீதம் கொடுக்குமாறு நீதிமன்றம் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது; மீதிப் பயிரை அறுத்துக்கொண்டு நிலத்தை ஒப்படைக்க விவசாயிகளுக்கும் கெடு வைத்தது.

நிலம் போனது போனதுதான். பயிருக்கு மட்டும் ஈடு வந்தது. நிலத்தைப் பற்றிய பேச்சைப் பேசியிருக்க வேண்டிய காலம், இயந்திரம் வந்த நாளன்று. முதல் நோட்டீசு வந்த நாள்.

முன்னதாகவே பேசினால் பயன் உண்டு என்பதையும் அதே ஆண்டு காட்டிற்று. 2023 மார்ச்சு மாத இறுதியில் மத்திய அரசு ஏலத்துக்கு அறிவித்த நிலக்கரிப் பகுதிகளில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்றும் இருந்தன. டெல்டா விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். காவிரி டெல்டாவை வேளாண் மண்டலமாகப் பாதுகாக்கும் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக் காட்டி மாநில முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களில் அம்மூன்று பகுதிகளும் ஏலப் பட்டியலினின்று நீக்கப்பட்டன. ஏலம் முடிந்த பிறகு இதே எதிர்ப்பு எழுந்திருந்தால் காரியம் இவ்வளவு எளிதில் முடிந்திராது.

நிலமெடுப்பில் நாள் கணக்கு

பழைய 1894-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தில் ஆட்சேபத்தைக் கேட்கும் ஏற்பாடு முதலில் இல்லை, 1923-இல்தான் சேர்க்கப்பட்டது. அப்போது கெடு 30 நாள். 2014 ஜனவரி முதல் அதற்குப் பதிலாக 2013-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடப்பில் உள்ளது. அதில் ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள். தமிழ்நாட்டில் தொழில்களுக்காக நிலமெடுக்க 1997-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்றும் உண்டு. அது 2019 ஜூலையில் உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் செயலிழந்து, அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் செய்த புதிய சட்டத்தினால் உயிர் பெற்றது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. அச்சட்டத்தின்படியும், ஏன் நிலத்தை எடுக்கலாகாது என்று காரணம் காட்டுமாறு உரிமையாளரை முதலில் கேட்க வேண்டும். ஆகவே நோட்டீசு எந்தச் சட்டத்தின்கீழ் வந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கெடு அதற்கேற்ப மாறும்.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பலரும் அறியாத இரண்டு ஏற்பாடுகளைச் சொல்லுவது எம் கடமை. ஈட்டுத்தொகை குறைவென்று கருதுபவர், தீர்ப்பு கூறும்போது உடனிருந்தால் அன்று முதல் ஆறு வாரத்துக்குள், கலெக்டர் இவ்விஷயத்தை உரிய நீதி அமைப்புக்கு அனுப்புமாறு மனுச் செய்ய வேண்டும். உடனிராதவர்க்கு, நோட்டீசு கிடைத்தது முதல் ஆறு வாரம் அல்லது தீர்ப்பு முதல் ஆறு மாதம், இவற்றுள் முந்தியது கெடு. அடுத்தது மிக முக்கியம்: பணத்தை வாங்கும்போது “ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவ்வாறு எழுதாமல் வாங்கியவர் பின்னர் அதிகத் தொகை கேட்டு மனுச் செய்யும் உரிமையை இழக்கிறார். இரண்டு சொற்கள் எழுதாததனால் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே குறைந்துபோகலாம்.

அன்றியும், அதே அறிவிக்கையின்கீழ் நிலம் இழந்த பக்கத்து நிலக்காரர் ஒருவருக்கு அவ்வமைப்பு தொகையை உயர்த்தினால், முன்னர் மனுச் செய்யாதவரும் மூன்று மாதத்துக்குள் தமக்கும் உயர்த்துமாறு கலெக்டரிடம் கேட்கலாம். அண்டை அயலார் வழக்கை அறிந்து வைத்திருத்தல் இதனால் அவசியமாகிறது.

கருத்துக் கேட்கும் கூட்டங்கள்

பெரிய சுரங்கமோ ஆலையோ வருமுன், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, அந்த மாவட்டத்திலேயே பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்படுகிறது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அங்கே பேசியவை பதிவு செய்யப்பெற்று மேலே அனுப்பப்படும். எழுத்து மூலமாகவும் கருத்துச் சொல்லலாம்.

மின்சார விஷயத்திலும் இவ்வாறே. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, கட்டண மனுவைப் பத்திரிகையில் வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் அத்தகைய கூட்டங்கள் நடைபெற்றன. விசைத்தறிக்காரரும், பம்பு வைத்த விவசாயியும் அங்கே எழுந்து பேசுவதற்குச் சட்டமே நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. காலியான நாற்காலிக்காக எந்த ஆணையமும் இரக்கப்படாது.

நமது சங்கத்துக்கும் இதே விதி

பிறருக்கு விதி கூறிவிட்டு நாம் விலகி நிற்றல் அழகன்று. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 87-வது பிரிவின்படி, சங்கத்துக்கு நஷ்டம் விளைவித்தவரிடமிருந்து தொகையை வசூலிக்க உத்தரவிடலாம். ஆனால் அதற்கு முன் அவர் தம் சமாதானத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். 88-வது பிரிவின்படி நிர்வாகக் குழுவைக் கலைக்கலாம்; அதற்கும் முன்னதாகக் குழுவின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். உத்தரவினால் பாதிக்கப்பட்டவருக்கு மேல்முறையீடும், மறு ஆய்வும் முறையே 152, 153-வது பிரிவுகளில் உண்டு.

அதிகாரி நம்மைக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், நமது அங்கத்தினரைக் கேட்கிறோமா? ஓர் உதாரணம் கொள்வோம். நெசவாளர் ஒருவர் சங்க நூலை வெளியே விற்றுவிட்டார் என்று ஒருவர் வந்து சொல்கிறார். அடுத்த வாரம் முதல் அவருக்கு நூல் கிடையாது என்று குழு தீர்மானிக்கிறது. புகார் சொன்னவரே குழுவிலும் உட்கார்ந்து கை தூக்குகிறார். நெசவாளரின் தறி நிற்கிறது. வீட்டு அடுப்பும் நிற்கிறது. பிறகு இருப்பைக் கணக்கிட்டால், கழிவு நூலை எடை போட்டதில் நேர்ந்த பிழை என்று தெரிய வருகிறது. இங்கே எத்தனை தவறுகள்! அவரைக் கேட்கவில்லை, புகார் கூறியவரே தீர்ப்பும் கூறினார், காரணம் எழுதப்படவில்லை. பாண்டியன் சபையில் நடந்ததும் இதுதானே! நெய்வேலி நிறுவனத்தையும் அரசாங்கத்தையும் நோக்கிக் கேட்கும் கேள்வியை நமது தீர்மானப் புத்தகத்தை நோக்கியும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உத்தரவு கைக்கு வந்தால்

இனி, செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, தபால் கிடைத்த தேதியை அதன்மேலேயே எழுதி, உறையையும் சேர்த்துப் பத்திரப்படுத்துக. கெடு பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்தே தொடங்கும்.

இரண்டாவது, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த அதிகாரி என்னும் மூன்றையும் குறித்துக்கொள்க. மூன்றில் ஒன்று இல்லாவிடினும் அதனைக் கேட்டு எழுதுக.

மூன்றாவது, பதிலை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் பெறுக. அல்லது பதிவுத் தபாலில் அனுப்புக. நேரில் பேச விரும்பினால் “நேரில் கேட்க வேண்டுகிறேன்” என்றும் பதிலிலேயே எழுதுக.

நான்காவது, கோப்பிலுள்ள விவரம் வேண்டுமானால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுச் செய்க. பதில் தர 30 நாள் கெடு. ஆனால் அப்பதிலுக்காகக் காத்திருந்து ஆட்சேபக் கெடுவைத் தவறவிடலாகாது.

ஐந்தாவது, மேல்முறையீட்டு வழி உண்டா என்று பார்த்து, முதலில் அதனை நாடுக. அது இல்லாதபோதோ, நம்மைக் கேளாமலே உத்தரவு பிறந்தபோதோ, அரசியலமைப்பின் 226-வது விதியின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுச் செய்யலாம். அரசாங்கக் கம்பெனிகளும் இதற்கு உட்பட்டவையே. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லை என்று எவரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், தொழிலாளர், குறைந்த வருமானமுடையோர் ஆகியோர் இலவச உதவி பெறலாம்.

ஆறாவது, தனியே அலையற்க. ஒரே கிராமத்தில் இருபது பேருக்கு நோட்டீசு வந்தால், இருபது பேரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் பதில் எழுதுக. கூட்டு மனு ஒன்று கூடுதலாக இருக்கலாம். தனித்தனிப் பதிலுக்கு அது ஈடாகாது. எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது சங்கக் காரியதரிசியின் வேலைகளில் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

அங்கத்தினர் பெருமக்களே! நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். அதற்குக் கரியும் நிலமும் வேண்டும். அதனை மறுப்பார் இல்லை. ஆனால் பொது நன்மைக்காகத் தன் நிலத்தைத் தருபவன், யாரும் பாராத வழியில் ஒதுக்கித் தள்ளத்தக்கவன் அல்லன். முன்னே அழைத்து நிறுத்திக் கேட்கத்தக்கவன். அவ்வாறு கேட்கச் செய்யும் கருவியைச் சட்டம் நம் கையில் கொடுத்திருக்கிறது. அதற்கு வேண்டியவை ஒரு தாள், ஒரு பேனா, ஒரு தேதி. இவ்விதழைப் படித்து முடித்தவுடன், சுவாமி படத்தின் பின்னால் ஏதேனும் தாள் இருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பார்த்தால், இக்கட்டுரை எழுதியதன் பயன் நிறைவேறும்.